ஜப்பான்காரர் வீட்டில் எங்கள் பிள்ளை

 

எஸ்.பி.எம். எழுதப் போகிற பிள்ளைகளை வைத்திருக்கும் சில பெற்றோர், "உங்க மக ஜப்பான்ல ஒரு குடும்பத்தோட தங்கிப் படிச்சாளே, எப்படி இருந்துச்சு, நம்ம பிள்ளையை அனுப்பலாமா?" என்று கோயிலுக்கு வரும்போதெல்லாம் கேட்கிறார்கள். செருப்பு மாட்டுகிற இடத்தில் நின்றபடி அஞ்சு நிமிஷத்தில் சொல்லி முடிக்கிற கதை இல்லை அது. அதனால் நாங்கள் ரெண்டு பேரும் உட்கார்ந்து எழுதுகிறோம். கொஞ்சம் நீளமாகப் போகும். மாளய அமாவாசை சம்பந்தமாக ஒரு வேண்டுகோளும் கடைசியில் இருக்கு, அதையும் படிச்சிடுங்க.

எங்களைத் தெரியாதவர்களுக்கு: வெள்ளிக்கிழமை மடைப்பள்ளியில் பார்க்கிறீர்களே, அந்தப் புருஷன் பெண்டாட்டிதான். ஒருத்தர் தொழிற்சாலையில் சூப்பர்வைசர், ஒருத்தர் வீட்டில் முறுக்கு சுட்டு விற்பவர். ரெண்டு பேருமே எஸ்.பி.எம்மைத் தாண்டிப் படிக்கவில்லை. நாங்கள் இடைநிலைப்பள்ளியில் படித்த காலத்தில் 'கிழக்கை நோக்கும் கொள்கை' என்று 1982ல் மகாதீர் ஆரம்பித்ததைப் பற்றி வாத்தியார் சொல்வார். அரசாங்க உபகாரச் சம்பளத்தில் பிள்ளைகள் ஜப்பானுக்குப் போவார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது பேப்பரில் பார்க்கிற செய்தி, அவ்வளவுதான்.

எங்கள் மகள் போனது வேறு வழியில். 2018ல் ஜப்பான் அரசாங்கம் 'ஆசியா காகேஹாஷி' என்று ஒரு திட்டம் ஆரம்பித்தது. காகேஹாஷி என்றால் பாலம். ஆசிய நாடுகளிலிருந்து 5 வருஷத்தில் 1,000 மாணவர்களை வரவழைத்து, அங்குள்ள மேல்நிலைப்பள்ளியில் சேர்த்துப் படிக்க வைப்பது. நடத்தியது ஏஎஃப்எஸ் என்ற மாணவர் பரிமாற்ற அமைப்பு. முதல் உலகப் போரில் காயம்பட்டவர்களை ஆம்புலன்ஸில் ஏற்றிய தொண்டர்கள் கூட்டமாக ஆரம்பித்தது அது. இரண்டாம் போர் முடிந்த பிறகு, ஒரு நாட்டுப் பிள்ளை இன்னொரு நாட்டு வீட்டில் வளர்ந்தால் நல்லது என்று இந்த வேலைக்கு மாறினார்கள். அந்த 1,000 பேர் திட்டம் 5 வருஷத்துக்கு மட்டும் போட்டது, ஆனால் ஏஎஃப்எஸ் வேறு திட்டங்களும் நடத்துகிறது. பிள்ளையை ஏற்றுக்கொள்ளும் குடும்பத்துக்கு ஒரு காசு சம்பளம் கிடையாது என்பதை மட்டும் மனதில் வையுங்கள். நம்ம அன்னதானம் மாதிரி அவர்களாக விரும்பிச் செய்வது. ஆகவே போகிற பிள்ளை "இது ஹோட்டல் இல்லை" என்று தெரிந்து போகணும்.

ஆகஸ்ட் 2019ல் போனாள், மார்ச் 2020ல் வந்தாள். போன இடம் ஷிக்கோக்கு தீவில் காகாவா மாநிலம், ஸென்சுஜி என்ற ஊர்.

வீட்டில் பாட்டி சம்மதிக்கவே இல்லை. நம்ம பாட்டியை உங்களுக்குத் தெரியும், மண்டபத்தில் தூண் ஓரம் நாற்காலியில் உட்கார்ந்து பூ கட்டுவார்களே, அவர்கள்தான். பேத்தி படிக்கப் போகிறாள் என்றதும் சந்தோஷப்பட்டார்கள். எந்த நாடு என்று சொன்னதும் எழுந்து உள்ளே போய்விட்டார்கள். "ஜப்பான்காரன் வீட்டுச் சோத்தை எம்பேத்தி திங்கிறதா?" என்று கேட்டதோடு சரி. பத்து நாள் பேச்சில்லை.

காரணம் எங்களுக்குத் தெரியும். 1943ல் பாட்டிக்கு 9 வயசு, சுங்கை சிப்புட் பக்கம் தோட்டம். காலையில் பெரட்டுக்குப் போன பாட்டியின் அப்பாவை லாரியில் ஏற்றிச் சயாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சயாம் மரண ரயில் தெரியாத தோட்டத்துக் குடும்பம் உண்டா? தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் தண்டவாளம், காட்டையும் மலையையும் வெட்டி அக்டோபர் 1943ல் முடித்தார்கள். மலாயாவிலிருந்து மட்டும் 70,000 பேருக்கு மேல் கொண்டுபோனார்கள், அதில் பெரும்பாலானவர்கள் நம்ம தமிழர்கள். வாந்திபேதி, மலேரியா, பட்டினி. ஏறக்குறையப் பாதிப் பேர் திரும்பவில்லை. பாட்டியின் அப்பாவும் திரும்பவில்லை. செத்தார் என்று சொல்ல ஒரு கடுதாசி இல்லை, பார்த்தவர் ஒருத்தர் இல்லை. பாட்டியின் அம்மா தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமலே இருந்து, கடைசி வரைக்கும் பொட்டு வைத்துக்கொண்டே செத்துப் போனார்கள். திதி கொடுக்கலாமா என்று யாராவது கேட்டால், "உயிரோட இருக்கிறவருக்கு எள்ளுந் தண்ணியும் எறைக்கிறதா?" என்பார்களாம். பாட்டியும் அதே வழக்கம். எங்கள் வீட்டில் அவருக்குத் திதி கிடையாது. படம் கிடையாது. பேர்கூட யாரும் சொன்னதில்லை. பாட்டிக்கு அவர் 'எங்கய்யா', எங்களுக்குச் 'சயாமுக்குப் போன தாத்தா'.

கடைசியில் மகளே பாட்டியின் காலடியில் உட்கார்ந்து பேசிச் சம்மதம் வாங்கினாள். என்ன பேசினாள் என்று எங்களுக்கு இன்று வரைக்கும் சொல்லவில்லை.

சரி, அந்த வீட்டுக்கு வருவோம். அப்பா, அம்மா, இவள் வயசில் ஒரு மகள், தாத்தா, பாட்டி. முதல் நாளே வீட்டுச் சட்டம் சொல்லிவிட்டார்களாம். செருப்பு வாசலில். அதில் நமக்குக் கஷ்டமில்லை. கழிவறைக்குத் தனிச் செருப்பு. குளிப்பதில்தான் பிள்ளை திகைத்துப் போனாள். வெளியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் குளித்துவிட்டு, அப்புறம் சுடுதண்ணித் தொட்டியில் இறங்கி உட்காரணும். அதே தண்ணியில் வீட்டில் எல்லாரும் ஒவ்வொருத்தராக. அழுக்கோடு இறங்கினால் பெரிய தப்பு. குப்பையை வகை வகையாகப் பிரித்து, எந்தக் கிழமை எது என்று அட்டவணைப்படி வைக்கணும். தொழிற்சாலைச் சுவரில் '5எஸ்' என்று ஜப்பான் முறையை ஒட்டி வைத்து, பொருளை அதன் இடத்தில் வை, சுத்தமாக வை என்று ஆட்களிடம் தொண்டை கிழியக் கத்துகிறோம். அங்கே அது வீட்டுப் பழக்கமாக இருக்கு. பள்ளிக்கூடத்தில் வகுப்பறையைப் பிள்ளைகளே கூட்டித் துடைக்கிறார்கள். நம்ம உழவாரப் பணிக்கு எத்தனை இளைஞர் வருகிறார்கள் என்று நாங்கள் இங்கே எழுதப் போவதில்லை.

அவளுக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று. வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவர்கள் 'இத்தே கிமாசு' என்கிறார்கள். அர்த்தம் கேட்டால், 'போயிட்டு வர்றேன்'. அச்சு அசல் நம்ம பேச்சு. 'போறேன்' என்று சொன்னால் பாட்டி தலையில் குட்டுவார்களே, அதே வீட்டுச் சட்டம் அங்கேயும் இருக்கு என்று போனில் சொல்லிச் சிரித்தாள். இன்னொரு சந்தோஷமும் இருந்தது. நீ எந்த ஊர் என்று கேட்டால் தஞ்சோங் ரம்புத்தான் என்று தைரியமாகச் சொல்லலாம். 1911லிருந்து இங்கே மனநல மருத்துவமனை இருப்பதால் கோலாலம்பூர்க்காரரிடம் ஊர் பேரைச் சொன்னாலே ஒரு சிரிப்பு வரும் இல்லையா. ஜப்பானில் யாரும் சிரிக்கவில்லை. ரம்புத்தான் என்ன பழம் என்றுதான் கேட்டார்கள்.

சாப்பாடுதான் பெற்றோர் எல்லாரும் கேட்பது. மாட்டிறைச்சி சாப்பிட மாட்டாள், வெள்ளிக்கிழமை சைவம் என்று பாரத்திலேயே எழுதியிருந்தோம். அந்த அம்மா மாட்டிறைச்சியை நிறுத்திவிட்டார். ஆனால் கடையில் விற்கிற கறிக் கட்டியிலேயே மாட்டுக் கொழுப்பு கலந்திருக்கும், ஆகவே மாட்டுக்கு உரிய கான்ஜி எழுத்தை முதலில் படித்துக்கொள் என்று கடைக்கே கூட்டிப் போய்க் காட்டினாராம். ("பிள்ளை தினமும் கான்ஜி எழுதிப் படிக்கிறாள்" என்று நாங்கள் சொல்ல, பாட்டி, "ஏன், அங்க கஞ்சிதான் ஊத்துறானுவளா?" என்று கேட்டார்கள்.) அந்த ஊரில் ஊடோன் என்ற தடித்த மீதான் பிரபலம். அதன் சாறு நம்ம ஈக்கான் பிலிஸ் மாதிரி காய்ந்த நெத்திலியில் வைக்கிறது. அப்போ வெள்ளிக்கிழமைக்கு என்ன செய்வது? வீட்டுக் கிழவி முன்னுக்கு வந்தாராம். அவர்கள் பௌத்தக் கோயிலிலும் விரதச் சமையல் இருக்கு, 'ஷோஜின்' என்று பேர். மீன் கிடையாது, வெங்காயம் பூண்டும் கிடையாது, நம்ம மடைப்பள்ளி மாதிரியே. 'கொம்பு' என்று ஒரு கடல்பாசியும் காய்ந்த காளானும் ஊற வைத்துச் சாறு எடுப்பது. ஒவ்வொரு வெள்ளியும் அந்தக் கிழவி இவளுக்காக அதை வைத்தார். நீங்கள் அனுப்பும்போது பெட்டி நிறைய மேகி வைத்து அனுப்பாதீர்கள். விரதம் என்றால் என்ன என்று அங்கே உள்ள பெரியவர்களுக்குத் தெரியும், பிள்ளை வாயைத் திறந்து சொல்லணும், அவ்வளவுதான்.

அந்த ஊரே கோயில் ஊர். ஷிக்கோக்குவைச் சுற்றி 88 கோயில்கள், ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் யாத்திரை. வெள்ளை உடுப்புப் போட்டுக் கையில் தடியோடு நடப்பார்கள். வழியில் வீட்டுக்காரர்கள் பழம், தண்ணி, காசு என்று கையில் கொடுப்பார்கள். 'ஒசெத்தாய்' என்று பேர், நம்ம தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல்தான். 75வது கோயிலின் பேர்தான் ஊருக்கே பேர். கூகாய் என்ற மகான் 774ல் பிறந்த இடம். அவர் சீனாவுக்குப் போய்க் கற்று வந்த வழிபாட்டில் 'கோமா' என்று அக்னி வளர்ப்பது ஒன்று. நம்ம ஹோமம்தான், பேர்கூட மாறவில்லை. அந்த வீட்டுக் கிழவி கூட்டிப் போனபோது, மந்திரம் 'ஒன்' என்று ஆரம்பித்து 'சோவாகா' என்று முடிந்ததாம். ஓம், ஸ்வாஹா! கூகாயின் குரு பரம்பரையில் வஜ்ரபோதி என்று ஒருத்தர், தென்னிந்தியாவிலிருந்து கப்பலில் ஸ்ரீவிஜயம் வழியாகச் சீனா போனவர், 8ம் நூற்றாண்டு. ஆகவே பிள்ளைக்குப் புகை வாசனை பழக்கமாகப் பட்டதில் ஆச்சரியமில்லை.

இனிதான் நாங்கள் எழுத நினைத்த விஷயம்.

அவளுக்குக் கொடுத்த அறை, பாய் விரித்த பெரிய அறை. விருந்தாளிக்கு நல்ல அறை அதுதான். அங்கேதான் அவர்கள் வீட்டுச் சாமி அலமாரியும் இருக்கும், 'புத்சுதான்' என்பார்கள். உள்ளே புத்தர், செத்துப்போன முன்னோர் பேர் எழுதின பலகைகள். காலையில் பானையில் முதலில் எடுக்கிற சோறு சின்னக் கிண்ணத்தில் அங்கே போகும், மணி அடிப்பார்கள், அப்புறம்தான் மனிதர் சாப்பாடு. அலமாரிக்கு மேலே சுவரில் முன்னோர் படங்கள். ஒன்று ராணுவ உடுப்பில் ஒரு இளைஞன். இருபது வயசு இருக்கும். தினமும் அந்த முகத்துக்குக் கீழேதான் எங்கள் பிள்ளை தூங்கினாள். ஒரு மாசம் யார் என்று கேட்கவில்லை. எங்களிடமும் சொல்லவில்லை.

செப்டம்பரில் அவர்களுக்கு 'ஹிகான்' என்று ஏழு நாள், முன்னோருக்கு உரியது. அந்த வருஷம் 20ம் தேதியிலிருந்து 26 வரைக்கும். நமக்கும் அப்போது மாளய பட்சம் நடந்துகொண்டிருந்தது. 23ம் தேதி விடுமுறை, குடும்பமாகச் சமாதிக்குப் போய்க் கல்லைத் தேய்த்துக் கழுவி, பூ வைத்து, பயறு பூசின இனிப்புச் சோற்று உருண்டை படைத்தார்கள். அங்கே இவள் அந்தப் படத்தைப் பற்றிக் கேட்டாள். வீட்டுத் தாத்தாவின் மூத்த அண்ணன். பர்மாவில் செத்தவர். ஸென்சுஜியில் திரட்டின 55வது டிவிஷன் பர்மாவுக்குத்தான் போனது. போர் முடிந்து வீட்டுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி வந்ததாம். திறந்து பார்த்தால் எலும்பு இல்லை, ஒரு கல் இருந்ததாம். அந்தக் கல்லைத்தான் புதைத்திருக்கிறோம் என்று சொன்னார்.

பர்மா என்றதும் பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. அந்த ரயில் போட்டதே பர்மாவில் இருந்த பட்டாளத்துக்கு அரிசியும் தோட்டாவும் கொண்டு போகத்தான். அங்கேயே நின்று, தெரிந்த ஜப்பான் மொழியில் சொல்லியிருக்கிறாள்: எங்கள் வீட்டிலும் ஒருத்தர் போனார், அந்த ரயில் வேலைக்கு, பிடித்துக்கொண்டு போனார்கள், எங்களுக்குக் கல்கூட வரவில்லை.

யாரும் பேசவில்லையாம். தாத்தா முன்னால் நடந்து காருக்குப் போய்விட்டார். அன்று ராத்திரி சாப்பிட வரவில்லை. பிள்ளை பயந்துபோய் எங்களுக்கு வாட்ஸ்அப்பில் எழுதினாள், "என்னை வேற வீட்டுக்கு மாத்திடுவாங்களோ?" என்று. எங்களுக்கும் தூக்கமில்லை. ஆனால் அவள் சொன்னது சரிதான் என்று பதில் போட்டோம். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறோம்.

மறுநாள் காலையில் சாமி அலமாரியில் சோற்றுக் கிண்ணம் ரெண்டாக இருந்தது. தாத்தா உட்கார்ந்திருந்தார். உங்கள் பெரியவர் பேர் என்ன என்று கேட்டார். பிள்ளைக்குத் தெரியாது. எங்களைக் கூப்பிட்டாள். எங்களுக்கும் தெரியாது. அன்று சாயந்திரம் வீடியோ காலில் பாட்டியிடம் நேராகவே கேட்டாள். பாட்டி போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள். பேர் சொல்வது என்றால் என்ன என்று பாட்டிக்குத் தெரியும். பேரைச் சொல்லிச் சோறு வைத்தால் அவர் செத்துவிட்டார் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். 76 வருஷமாக அந்த வீட்டில் யாரும் ஒப்புக்கொள்ளாதது.

ரெண்டு நாள் கழித்து, 26ம் தேதி ராத்திரி, நாங்கள் தூங்கப் போகும் நேரம் பாட்டியே வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்தார்கள். "புள்ளைக்குப் போன் போடு" என்றார்கள். அங்கே இன்னும் ஒரு மணி நேரம் கூடுதல், நடுராத்திரி. போட்டோம். பாட்டி சொன்னது இதுதான்: "எங்கய்யா பேரைச் சொல்றேன், எழுதிக்க. சோறு வைக்கட்டும். ஆனா நான் மன்னிச்சுட்டேன்னு மட்டும் சொல்லிடாத."

பேர் சொன்னார்கள். நாங்களும் அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டோம்.

மறுநாள் பிள்ளை ரெண்டையும் அப்படியே சொன்னாளாம், பேரையும், பாட்டியின் வார்த்தையையும். மறைக்கவில்லை. தாத்தா தலையைக் குனிந்து கேட்டுவிட்டு, பேரை இன்னொரு தரம் மெதுவாகச் சொல்லச் சொன்னார். நம்ம நாலு எழுத்துப் பேர் அவர் கட்டகானாவில் எழுதும்போது ஆறு எழுத்தாக நீண்டுவிட்டது. அந்தக் காகிதத்தைப் பலகைகளுக்குப் பக்கத்தில் வைத்தார். அதற்கு மேல் அவர் ஒன்றும் பேசவில்லை.

அதற்கு அடுத்த நாள், 28ம் தேதி சனிக்கிழமை, மாளய அமாவாசை. செத்த திதி தெரியாதவர்களுக்கும் கொடுக்கலாம் என்று உள்ள நாள். நம்ம கோயிலில் குருக்கள் சங்கல்பத்தில் பேர் கேட்டபோது அந்தப் பேரைச் சொன்னோம். மகள் வழிப் பேரன் கொடுக்கலாம் என்றார். எள்ளும் தண்ணியும் இறைத்தோம். பாட்டி அந்தப் பக்கம் பார்க்காமல் பூ கட்டிக்கொண்டே இருந்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் பேத்தி கூப்பிட்டால் முதல் கேள்வி, "இன்னிக்கு வச்சாங்களா?" என்பதுதான். பேத்தி படிப்பு, உடம்பு எல்லாம் அப்புறம்.

2020 தைப்பூசம் பிப்ரவரி 8, சனிக்கிழமை. இங்கே நாமெல்லாம் கல்லுமலைக்குப் பால்குடம் எடுத்த நேரத்தில், பிள்ளை அந்த வீட்டு மகளோடு பக்கத்து ஸ்டேஷன் கொத்தோஹிராவுக்கு ரயில் ஏறிப் போய்க் கொம்பிரா கோயிலின் 785 படியும் ஏறினாள். கொம்பிரா என்பது 'கும்பீரம்' என்ற வடசொல்லிலிருந்து வந்தது, முதலை என்று அர்த்தம், கடல் பயணத்துக்குக் காவல் சாமி. குளிரில் கை மரத்துப் போச்சு, ஆனாலும் கந்தா கடம்பா சொல்லித்தான் ஏறினேன் என்றாள். கூட வந்த பிள்ளையும் கடைசிப் படிகளில் கூடச் சேர்ந்து சொல்லியிருக்கு.

மார்ச்சில் திரும்பினாள். 18ம் தேதி நாடே பூட்டிக்கொண்டது. விமான நிலையத்தில் அந்தத் தாத்தா வழியனுப்பும்போது 'போறேன்' என்று வாயில் வந்துவிட்டதாம், சட்டென்று மாற்றி 'இத்தே கிமாசு' என்றாளாம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்று சொன்னாள். இன்னும் ஹிகானுக்கு ஹிகான் அந்த அம்மா படம் அனுப்புகிறார், கிண்ணம் ரெண்டாக. பாட்டி கண்ணாடி போட்டுப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். ஒரு தடவை, "சோறு கொஞ்சமா வச்சிருக்கான்" என்று குறை சொன்னார்கள்.

அனுப்பலாமா என்று கேட்டவர்களுக்கு: அனுப்புங்கள். தங்கும் விடுதியை விடக் குடும்பத்தோடு இருப்பதே நல்லது என்பது எங்கள் எண்ணம். ஆனால் அனுப்பும் முன் உங்கள் வீட்டுக் கதையைப் பிள்ளைக்குச் சொல்லி அனுப்புங்கள், பேர் உட்பட. அங்கே கேட்பார்கள்.

இப்போது வேண்டுகோள். வருகிற மாளய அமாவாசைக்குச் சயாமுக்குப் போய்த் திரும்பாதவர்கள் பேரை எல்லாம் சேர்த்து வாசித்துத் தர்ப்பணம் கொடுக்கக் குருக்கள் சம்மதித்திருக்கிறார். ஒரு நோட்டுப் புத்தகம் போட்டிருக்கிறோம், அர்ச்சனைச் சீட்டு கவுண்டரில் இருக்கும். பேர், எந்தத் தோட்டம், உங்களுக்கு என்ன உறவு, இந்த மூன்றும் எழுதினால் போதும். பேர் தெரியாவிட்டால் தோட்டத்தையும் உறவையும் மட்டும் எழுதுங்கள், 'சிம்மோர் பக்கம், பாட்டியின் தம்பி' என்று எழுதினாலும் வாசிப்போம். கட்டணம் கிடையாது. வீட்டில் வயசானவர்கள் இருந்தால் இந்த வாரமே கேட்டுவிடுங்கள், கேட்டதும் சொல்லாவிட்டால் ரெண்டு மூணு நாள் விட்டுவிடுங்கள். நம்ம பாட்டியிடம் போய்ச் சயாம் கதை கேட்காதீர்கள், பிடிக்காது. பேர் கொடுக்க வந்தோம் என்று சொன்னால் பக்கத்தில் உட்காரச் சொல்வார்கள்.

அன்று அன்னதானம் உண்டு. முதல் நாள் சாயந்திரம் காய் நறுக்க ஆள் வேணும், கத்தி நீங்களே கொண்டு வாங்க.